ஐரோப்பாவைச் சுற்ற காரா, மோட்டார்ஹோமா, ரயிலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் முடிந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். தென் ஜெர்மனியில் குடியிருக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக, ஐரோப்பாவுக்குக் கிளம்பும் சொந்தக்காரர்கள், அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர், அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் மச்சான் எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். கார், மோட்டார்ஹோம், ரயில் மூன்றிலும் குடும்பத்தோடு போயிருக்கிறேன். மூன்றிலும் காசைக் கோட்டை விட்டும் இருக்கிறேன். ஒரே பதிலை வாட்ஸப்பில் அடித்து அடித்து விரல் தேய்ந்துவிட்டதால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. வாடகை, கட்டணமெல்லாம் ஏறக்குறையத்தான். சீசனுக்குச் சீசன் மாறும்.

மூணுல எது பெஸ்ட்? சுத்தி வளைக்காம ஒண்ணைச் சொல்லுங்க.

முதலில் எந்தெந்த ஊர், ஒவ்வொன்றிலும் எத்தனை ராத்திரி என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாதிப் பேர் இதைச் செய்யாமலே வண்டியை முடிவு செய்துவிடுகிறார்கள். உங்கள் தாளில் பாரிஸ், சூரிச், மிலான், வெனிஸ், ரோம் என்று பெரிய ஊர்களாகவே இருந்தால் ரயில், யோசிக்கவே வேண்டாம். வரைபடத்தைப் பெரிதாக்கினால்தான் கண்ணில் படும் ஊர்கள், மலைக் கிராமங்கள், ஏரிக்கரைகள் என்றால் கார். ஊர்களே நாலைந்துதான், கையில் பத்து நாளுக்கு மேல் இருக்கிறது, குழந்தைகள் ஓடி ஆட இடம் வேண்டும், ஓட்டல் சாப்பாடு மூன்றாம் நாளே அலுத்துவிடும் என்றால் மோட்டார்ஹோம்.

மோட்டார்ஹோம்னா கேரவன்தானே?

இல்லை. கேரவனுக்கு எஞ்சின் கிடையாது, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போவது. மோட்டார்ஹோம் தானே ஓடும் வீடு. சாதாரணமாக 6 முதல் 7 மீட்டர் நீளம், கண்ணாடிகளை விட்டுவிட்டு 2.3 மீட்டர் அகலம், ஏறக்குறைய 3 மீட்டர் உயரம். உள்ளே கட்டில்கள், கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், குளிக்க ஒரு மூலை, கழிப்பறை எல்லாம் உண்டு. இணையத்தில் தேடும்போது ஜெர்மனியில் வோன்மொபில் என்றும் பிரான்ஸில் கேம்பிங்-கார் என்றும் தேடுங்கள்.

உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். பல கார் பார்க்கிங் வாசல்களில் 1.9 அல்லது 2.1 மீட்டரில் ஒரு கம்பி தொங்கும். கார் ஓட்டிய பழக்கத்தில் தலைக்கு மேல் ஒரு வீடு இருப்பதே மறந்துபோகும்.

நம்ம ஊர் லைசென்ஸ் செல்லுமா?

சுற்றுலாவுக்கு வருபவருக்குச் செல்லும். ஆனால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும், அதாவது ஐ.டி.பி.யும், கூடவே வேண்டும். இத்தாலியும் ஆஸ்திரியாவும் அதைக் கட்டாயம் கேட்கின்றன. சாலையில் கேட்காத நாட்டிலும் வாடகை கவுன்ட்டரில் கேட்பார்கள். இந்தியாவில் அரசின் பரிவாகன் இணையதளம் வழியாக உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம், ஒரு வருஷம் செல்லும். இலங்கையில் இருப்பவர்களுக்கு சிலோன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் கொடுக்கிறது. விமானம் ஏறிய பிறகு வாங்க முடியாது. ஐ.டி.பி. வெறும் மொழிபெயர்ப்பு மாதிரிதான். அசல் லைசென்ஸ் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் அதற்கு மதிப்பில்லை.

வாடகைக்குக் கிடைக்கும் மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை 3.5 டன்னுக்குள் இருப்பவை. அதனால் கார் லைசென்ஸே போதும். படிக்கவோ வேலைக்கோ வந்து தங்கியிருப்பவர்களுக்குக் கணக்கு வேறு: ஜெர்மனியில் குடியேறி 6 மாதம் ஆகிவிட்டால் நம் ஊர் லைசென்ஸைக் கொண்டு ஓட்ட முடியாது.

வலது பக்கம் ஓட்டணுமே, பயமா இருக்கு. சமாளிக்க முடியுமா?

ஒரு மணி நேரத்தில் கை பழகிவிடும். நெடுஞ்சாலையில் ஒரு கஷ்டமும் இல்லை. தப்பு நடப்பதெல்லாம் காலையில் ஆளில்லாத பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதுதான், பழைய பழக்கத்தில் இடது பக்கம் போய்விடுவோம். ரவுண்டானாவில் வலதாகத் திரும்பி நுழைய வேண்டும். உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழி விட வேண்டும்.

இன்னொன்று நம்மவர்களுக்குத் தெரிவதேயில்லை. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலது பக்கத்திலிருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை. நீங்கள் பெரிய தெருவில் இருக்கிறீர்கள், அவர் சந்திலிருந்து வருகிறார் என்பதெல்லாம் கணக்கில்லை. ஜெர்மன்காரர் பிரேக் போடாமல் வந்தே தீருவார், ஏனென்றால் உரிமை அவருடையது. ஓட்டும் பயம் அறவே போகாதென்றால் அயர்லாந்தைப் பாருங்கள், அங்கே நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான். ஆனால் அதற்குத் தனி விசா.

நாலு பேர் குடும்பம். மொத்தத்துல எது சீப்பு?

இதற்கு நான் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு பெரியவர்கள், 8, 10 வயதில் இரண்டு பிள்ளைகள், ஜூலை மாதம், 10 நாள், 1,500 கிலோமீட்டர். கார் என்றால் வாடகை 600 யூரோ, எரிபொருள் 170, டோலும் பார்க்கிங்கும் 230, அறை வாடகை 1,400, மொத்தம் 2,400. மோட்டார்ஹோம் என்றால் வாடகை 1,500, டீசல் 280, டோல் 70, கேம்பிங் இடத்துக்கு 450, மொத்தம் 2,300. ரயில் என்றால் பெரியவர்கள் இருவருக்கும், பல நாட்டு ரயில்களுக்கும் ஒன்றாகச் செல்லும் யூரெயில் பாஸ், 7 பயண நாளுக்கு ஏறக்குறைய 800, இருக்கை முன்பதிவு 100, அறை 1,400, அதுவும் 2,300. நானே திரும்பவும் கூட்டிப் பார்த்தேன்.

ஆக, வித்தியாசம் வண்டியில் இல்லை, ஆட்களில் இருக்கிறது. யூரெயிலில் 4 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, ஒரு பெரியவருக்கு இரண்டு பேர் வரை, பாஸ் இலவசம். அதே பிள்ளைகள் 13, 15 வயதில் இருந்தால் ரயில் செலவு ஏறிவிடும், கார் ஜெயிக்கும். கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் ரயில்தான் மலிவு. இருவருக்காக ஒரு மோட்டார்ஹோம் எடுப்பது ஆசைக்குச் செய்யும் செலவு. சாப்பாட்டை நான் கூட்டவில்லை. சுவிட்சர்லாந்தில் நாலு பேர் ஒருவேளை வெளியே சாப்பிட்டால் 100 பிராங்க் சாதாரணமாகப் போகும். தினமும் சமைப்பவர்களுக்கு மோட்டார்ஹோம் அந்த இடத்தில் முந்திக்கொள்ளும்.

நெட்ல கார் வாடகை நாளுக்கு 25 யூரோன்னு காட்டுதே?

காட்டும். கவுன்ட்டருக்குப் போனால் இன்சூரன்ஸ், ஆட்டோமேட்டிக் கியர், கூடுதல் ஓட்டுநர், குழந்தை இருக்கை, 25 வயதுக்குக் கீழ் என்றால் அதற்கொரு தொகை என்று வரிசையாக வரும். ஜெர்மனியில் 12 வயதுக்குள், 150 செ.மீ. உயரத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு இருக்கை கட்டாயம், "மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்பதெல்லாம் நடக்காது. ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். அப்பா கார்டு, மகன் லைசென்ஸ் என்று போய் நின்றால் வண்டி கிடைக்காமல் திரும்ப வேண்டியதுதான்.

வண்டியை வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் சுற்றி வந்து வீடியோ எடுங்கள், சக்கரத்தின் விளிம்பு உட்பட. ஒருமுறை நான் தொடாத கீறலுக்கு ஒரு கம்பெனி 380 யூரோ பில் அனுப்பியது. முதல் நாள் எடுத்த வீடியோவை அனுப்பினேன். "விஷயம் முடிந்தது" என்று ஒரு வரி பதில் வந்தது, மன்னிப்பு எதுவும் இல்லை.

யூரெயில் பாஸ் வாங்கிட்டா எந்த ரயில்லயும் ஏறி உட்காந்துக்கலாமாமே?

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளில் பெரும்பாலும் அப்படித்தான், ஏறி உட்காரலாம். பிரான்ஸின் தெ-ஜெ-வே (TGV), லண்டன் போகும் யூரோஸ்டார், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் அதிவேக ரயில்கள் எல்லாவற்றுக்கும் பாஸ் இருந்தாலும் இருக்கையைத் தனியாகக் காசு கொடுத்து முன்பதிவு செய்தே ஆக வேண்டும். 10 யூரோவிலிருந்து யூரோஸ்டாருக்கு 30 யூரோவுக்கு மேல் வரை ஆகும். சில ரயில்களில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய இருக்கை கொஞ்சம்தான். அது தீர்ந்தால் ரயில் பாதி காலியாக ஓடினாலும் நமக்கு இடமில்லை.

என் வழக்கம் இது: ஊரும் தேதியும் மூன்று மாதம் முன்பே உறுதியாகத் தெரிந்தால் பாஸ் வேண்டாம், தனித்தனி டிக்கெட்டை முன்கூட்டி வாங்கினால் அதைவிட மலிவு. நாளைக்கு எங்கே என்று இன்றைக்குத்தான் தெரியும் என்ற ரகமா, பாஸ் வாங்குங்கள். சுவிட்சர்லாந்து மட்டும்தான் என்றால் யூரெயிலை விட்டுவிட்டு சுவிஸ் டிராவல் பாஸைப் பாருங்கள். அதில் ரயிலோடு பஸ், படகும் அடக்கம், பெற்றோரோடு வரும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். ஐரோப்பாவிலேயே குடியிருக்கும் நம்மவர்களுக்கு யூரெயில் கிடையாது, அதே மாதிரியான இன்டர்ரெயில் பாஸ்தான்.

ஐரோப்பா ரயில்னா நிமிஷம் பிசகாம வருமே?

சுவிட்சர்லாந்தில் வரும். ஜெர்மனியில் 2024-ல் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் 6 நிமிஷத்துக்குள் தாமதம் என்றால் அது தாமதமே இல்லை என்ற கணக்கில். ஆகவே ஜெர்மனிக்குள் ரயில் மாறும்போது நடுவில் 7 நிமிஷம் இருக்கிறது என்று செயலி காட்டினால் நம்பாதீர்கள். அரை மணி நேரமாவது விடுங்கள். முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால், இணைப்பு ரயில் தவறினாலும் அடுத்ததில் போகலாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு மணி நேரத் தாமதத்துக்கு டிக்கெட் விலையில் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம்.

வேலைநிறுத்தம் பிரான்ஸிலும் இத்தாலியிலும் அடிக்கடி உண்டு, ஆனால் முன்கூட்டியே தேதி அறிவித்துவிடுவார்கள். இத்தாலியில் வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்கள் வேலைநிறுத்தத்திலும் ஓடும். அந்த நேரத்தில் கிளம்பினால் பிழைத்தோம்.

பெரிய பெட்டி நாலு இருக்கு. ரயில்ல ஏத்த முடியுமா?

முடியும், ஆனால் போர்ட்டர் கிடையாது. நடைமேடைக்கும் ரயில் படிக்கும் நடுவே இரண்டு மூன்று படி ஏற வேண்டியிருக்கும், ரயில் நிற்பதோ இரண்டு மூன்று நிமிஷம். என் சித்தப்பா மூன்று 23 கிலோ பெட்டிகளோடு வந்தார். ஒன்றில் முழுக்க எங்களுக்கான முறுக்கும் பருப்புப் பொடியும். மியூனிக்கில் அவர் ஏறிவிட்டார், மூன்றாவது பெட்டி நடைமேடையில் நிற்கிறது, கதவு மூடப்போகும் மணி அடிக்கிறது. யாரோ ஒரு பெண் அதை ஒரே உதையில் உள்ளே தள்ளிவிட்டார். முறுக்கு தூளாகிவிட்டது, ஆனாலும் ஊர் வந்து சேர்ந்தது.

கார் என்றால் தொல்லை இல்லை என்று நினைக்காதீர்கள். சின்னக் காரில் ஐந்து பேர் உட்காரலாம், பெட்டி இரண்டுதான் போகும். ஆளுக்கொரு கேபின் பெட்டி என்று கட்டினால் மூன்று வகைப் பயணத்துக்கும் சரியாக வரும்.

காரோடயே நேரா ஊருக்குள்ள ஓட்டலுக்குப் போயிடலாம்ல?

இத்தாலியில் இதில்தான் காசு போகும். பழைய நகர மையங்களில் வெளியார் வண்டிகளுக்குத் தடை உண்டு. சிவப்பு விளிம்பு போட்ட வெள்ளை வட்டப் பலகை இருக்கும், பக்கத்தில் கேமரா. மின்பலகையில் 'வார்க்கோ அத்திவோ' என்று எரியும். "அத்திவோ, ஆக்டிவ், அப்படியென்றால் வழி திறந்திருக்கிறது" என்று நானே பொருள் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். அதற்கு அர்த்தம், தடை இப்போது அமலில் இருக்கிறது என்பது. வழி தவறி அதே வாசலில் இரண்டு தடவை நுழைந்ததால் இரண்டு அபராதம். ஓட்டல் அந்த எல்லைக்குள் இருந்தால் வண்டி எண்ணை முன்பே ஓட்டலுக்கு அனுப்பிப் பதியச் சொல்லுங்கள்.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் நீலப் பலகையில் கடிகார அட்டை படம் போட்ட இடங்களில் இலவசமாக நிறுத்தலாம். வண்டியில் இருக்கும் அந்த நீல அட்டையில் வந்த நேரத்தைத் திருப்பி முன்கண்ணாடியில் வைக்க வேண்டும். ஜெர்மனியில் 10:10-க்கு வந்தால் முள்ளை 10:30-ல் வைக்க வேண்டும், அடுத்த அரை மணிக்கு. இது ஏமாற்று இல்லை, சட்டமே அப்படித்தான். சில ஊர்களுக்குக் காரே ஆகாது. வெனிஸில் பியாட்ஸாலே ரோமா என்ற சதுக்கத்தோடு சாலை முடிந்துவிடுகிறது. ரயிலோ சான்ட்டா லூச்சியா நிலையத்தில், பெரிய கால்வாயின் கரையிலேயே இறக்கிவிடும். சுவிஸ் மலை ஊரான செர்மாட்டுக்குப் போக டேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு 12 நிமிஷம் ரயிலில்தான் போயாக வேண்டும்.

டோல் எவ்வளவு ஆகும்?

நாட்டுக்கு நாடு முறை வேறு. ஜெர்மனியில் காருக்கு ஒன்றுமில்லை. சுவிட்சர்லாந்தில் நெடுஞ்சாலையில் ஓட்ட விக்னெட் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும், ஒரு வருஷத்துக்கு 40 பிராங்க், ஒரே நாள் போனாலும் அதே 40. ஆஸ்திரியாவில் 10 நாளுக்கு வாங்கலாம். பிரான்ஸிலும் இத்தாலியிலும் ஓடிய தூரத்துக்குக் காசு. பாரிஸிலிருந்து லியோனுக்கு 465 கிலோமீட்டர், டோல் மட்டும் 40 யூரோவை நெருங்கும், நாலரை மணி நேரம் ஆகும். தெ-ஜெ-வேயில் இரண்டே மணி நேரம். பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் நடுவே இருக்கும் மோன் பிளாங்க் குகைவழிக்கு ஒருமுறை போகவே 50 யூரோவுக்கு மேல்.

எரிபொருள் போடும்போது பெயரைப் பாருங்கள். பிரெஞ்சில் எஸான்ஸ் என்றால் பெட்ரோல், இத்தாலியில் பென்சினா. ஸ்பெயினில் கஸோலியோ என்று எழுதியிருப்பது டீசல். கேஸோலின் என்று படித்துப் பெட்ரோல் காரில் ஊற்றிவிடாதீர்கள்.

மே மாசம் வர்றோம். மலைப்பாதையில கார்ல போகணும்னு பையனுக்கு ஆசை.

நம் பள்ளி விடுமுறைக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் இதில்தான் பொருத்தமில்லை. 48 கொண்டை ஊசி வளைவோடு 2,757 மீட்டர் ஏறும் ஸ்டெல்வியோ, ஃபுர்க்கா போன்ற உயரமான கணவாய்கள் மே மாதத்தில் பனியால் மூடியே இருக்கும். ஜூனில் திறந்து அக்டோபர் வரைதான். குகைவழிகள் திறந்திருப்பதால் ஊர் போய்ச் சேரலாம், ஆனால் ஆசைப்பட்ட பாதையை மலைக்கு உள்ளே பார்க்காமலே கடந்துவிடுவீர்கள்.

மே மாதத்துக்கு ரயிலே மேல். சுவிட்சர்லாந்தின் ஹூர் நகரத்திலிருந்து இத்தாலியின் திரானோ வரை போகும் பெர்னினா பாதை வருஷம் முழுக்க ஓடுகிறது: 55 குகைவழிகள், 196 பாலங்கள், யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். கண்ணாடிக் கூரை போட்ட எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவுக் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலுக்கு அது இல்லை. ஜன்னலைத் திறந்து படமும் எடுக்கலாம்.

மோட்டார்ஹோம்ல ராத்திரி எங்க வேணா நிறுத்தித் தூங்கலாம், ஓட்டல் செலவே இல்லைன்னாங்க?

சொன்னவர் வந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. ஜெர்மனியில் ஓட்டிய களைப்பு தீர ஒரு ராத்திரி பார்க்கிங்கில் தூங்கலாம். நாற்காலியை வெளியே போட்டீர்கள் என்றால் அது கேம்பிங், அபராதம். குரோவேஷியாவில் அப்படித் தூங்குவதும் கூடாது. ஆனால் அதற்கென்றே இடங்கள் இருக்கின்றன: ஜெர்மனியில் ஸ்டெல்பிளாட்ஸ், பிரான்ஸில் ஊராட்சிகளே நடத்தும் 'ஏர்' என்ற நிறுத்தங்கள். பல இடங்களில் 10 முதல் 20 யூரோதான், சிலது இலவசம். தண்ணீர் பிடிக்கலாம், கழிவைக் கொட்டலாம், குளியலறை எதிர்பார்க்க வேண்டாம்.

குடும்பத்துக்குக் கேம்பிங் மைதானம்தான் சரி. சுவிட்சர்லாந்தின் லாட்டர்ப்ருன்னன் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவிக்குப் பக்கத்திலேயே கேம்பிங் இருக்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் எதிரே அந்த அருவி, கையில் ஃபில்டர் காபி. அந்த ஒரு காலைக்காக முந்தின நாள் பட்ட பாடெல்லாம் மறந்துபோயிற்று. ஜூலை, ஆகஸ்டில் இப்படிப்பட்ட இடங்கள் முன்பே நிரம்பிவிடும். "போகிற போக்கில் பார்த்துக்கொள்வோம்" என்பது மே, ஜூன், செப்டம்பருக்குத்தான்.

அரிசி, குக்கர், நெய் எல்லாம் கொண்டு வந்து சமைக்கலாமா?

அரிசி, பருப்பு, பொடி வகைகளுக்குத் தடையில்லை. பால், இறைச்சிப் பொருட்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டு வரக் கூடாது, அதனால் நெய்யும் பால்கோவாவும் சுங்கத்தில் போய்விடும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் எல்லாம் சான்றிதழ் இல்லாமல் வர முடியாது. வேடிக்கை என்னவென்றால் வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டூரியன் இந்த ஐந்துக்கும் சான்றிதழ் வேண்டாம். பாரிஸ் வழியாக வருபவர்கள் கார் து நோர் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் லா ஷப்பெல் பகுதிக்குப் போங்கள். ஈழத்தமிழர் கடைகளில் கறிவேப்பிலையிலிருந்து முருங்கைக்காய் வரை கிடைக்கும்.

பிரஷர் குக்கர் கேஸ் அடுப்பில் வைக்கலாம். மின்சாரத்தில்தான் கவனம். மின்னழுத்தம் நம் ஊரைப் போல 230 வோல்ட்டே, ஆனால் பல கேம்பிங்குகளில் 6 ஆம்பியர்தான் கொடுப்பார்கள், அதாவது 1,380 வாட். 700 வாட் ரைஸ் குக்கர் ஓடும். 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும், ஃபியூஸ் பெட்டியின் சாவி ஆபீஸில் இருக்கும், ஆபீஸ் ராத்திரி மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் கடைகள் அடைப்பு. காய்கறியைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். அப்புறம், ஞாயிறு லாரிகளுக்கும் தடை என்பதால் நீண்ட தூரம் ஓட்ட அதுதான் நல்ல நாள்.

கேட்கவே கூச்சமா இருக்கு. டாய்லெட்டை யாரு சுத்தம் பண்றது?

நீங்கள்தான். வண்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு இருக்கும், அதைத் திறந்தால் சக்கரம் வைத்த பெட்டி மாதிரி ஒரு தொட்டி வெளியே வரும். 17 முதல் 20 லிட்டர் பிடிக்கும். அதை உருட்டிக்கொண்டு போய் அதற்கென்று உள்ள இடத்தில் கவிழ்த்து, அலசி, மருந்து ஊற்றித் திரும்ப வைக்க வேண்டும். வேறு எங்கே கொட்டினாலும் பெரிய குற்றம்.

தண்ணீர் ஊற்றிக் கழுவும் நம் பழக்கத்துக்கு அந்தத் தொட்டி சீக்கிரம் நிரம்பும், நாலு பேர் என்றால் ஒரு நாளைக்கே வராது. நல்ல தண்ணீர்த் தொட்டியும் 100 லிட்டர் அளவுதான். பகலில் கேம்பிங் கழிப்பறை, வண்டியில் இருப்பது ராத்திரி அவசரத்துக்கு மட்டும் என்று முதல் நாளே வீட்டில் ஒப்பந்தம் போட்டுவிடுங்கள்.

ஆறு பேர் படுக்கலாம்னு போட்டிருக்கான். அப்போ ஆறு பேர் போகலாம்தானே?

படுக்கையை எண்ணாதீர்கள், சீட் பெல்ட்டை எண்ணுங்கள். ஆறு படுக்கை, நாலு பெல்ட் என்ற வண்டிகள் உண்டு. வண்டி ஓடும்போது பிள்ளைகள் கட்டிலில் படுத்துக்கொள்ளவும் கூடாது. அடுத்தது எடை. 3.5 டன் என்பது ஆள், தண்ணீர், பெட்டி எல்லாம் சேர்ந்து. காலி வண்டியே 3 டன் என்றால் மிச்சம் 500 கிலோ. தண்ணீர் 100, ஆறு பேர் 400, அரிசி மூட்டைக்கு இடமில்லை. வழியில் எடை போட்டுப் பார்த்தால் இறக்கிவைத்துவிட்டுத்தான் போகச் சொல்வார்கள்.

அப்பா அம்மாவுக்கு எழுபது வயசு. எது வசதி?

கார். வாசலில் ஏற்றி வாசலில் இறக்கலாம், வேண்டும்போது நிறுத்தலாம். மோட்டார்ஹோமில் கழிப்பறை பக்கத்தில் இருப்பது அவர்களுக்கு நிம்மதி, ஆனால் மேல் கட்டிலுக்கு ஏணி, கீழ்க் கட்டில் ஒடுக்கம். ரயிலில் போவதானால் நிலையத்தில் இலவச உதவி கிடைக்கும், 24 மணி நேரம் முன்பே பதிந்து வைக்க வேண்டும். பெட்டி விஷயத்தில் மேலே சித்தப்பா கதையைப் படித்துவிடுங்கள்.

விசாவுக்கு ஓட்டல் புக்கிங் கேட்பாங்களே, மோட்டார்ஹோம்னா என்ன காட்டுறது?

வண்டி வாடகை உறுதிக் கடிதத்தோடு கேம்பிங் முன்பதிவுகளையும் தேதிவாரியாக ஒரு பயணத் திட்டத்தையும் வையுங்கள். "ஊர் ஊராகச் சுற்றுவோம்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த நாட்டில் அதிக ராத்திரி தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்; பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகும் ஷெங்கன் கூட்டில் இங்கிலாந்தும் அயர்லாந்தும் இல்லை. நடுவில் லண்டன் போய்த் திரும்பினால் ஒற்றை நுழைவு விசா தீர்ந்துபோகும்.

கார்க்காரர்களுக்கு ஒன்று: குரோவேஷியாவில் டுப்ரோவ்னிக் போகும் பழைய கடலோரச் சாலை சில கிலோமீட்டர் போஸ்னியாவுக்குள் நுழைந்து வெளியே வரும். 2022-ல் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் வழியாகப் போனால் எல்லை தாண்ட வேண்டியதில்லை. வழிகாட்டிச் செயலி எதைக் காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ்ல காரை எடுத்து ரோம்ல விட்டுடலாமா?

விடலாம், ஆனால் வேறு நாட்டில் விடுவதற்கான கட்டணம் சில சமயம் மொத்த வாடகையையே தாண்டும். எடுத்த நாட்டிலேயே, முடிந்தால் எடுத்த ஊரிலேயே திருப்பிக் கொடுங்கள். மோட்டார்ஹோமுக்கு இது இன்னும் கண்டிப்பு. பெரும்பாலும் அதே டிப்போவில்தான் விட வேண்டும், மதியம் எடுத்துக் காலையில் கொடுக்க வேண்டும், பல இடங்களில் ஞாயிறு விடுமுறை.

ஒரு சூட்சுமம்: சுவிஸ் நகரமான பாஸலின் விமான நிலையம் பிரெஞ்சு மண்ணில் இருக்கிறது, ஆனால் உள்ளே பிரெஞ்சுப் பக்கம், சுவிஸ் பக்கம் என்று இரண்டு வாசல். பிரெஞ்சுப் பக்கத்தில் வாடகை பெரும்பாலும் குறைவு, ஆனால் அந்தக் காரில் சுவிஸ் விக்னெட் இருக்காது. புக்கிங்கில் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் இறங்கித் தவறான கவுன்ட்டரில் நின்றவர்கள் நிறைய.

கார், ரயில் ரெண்டையும் கலந்து போக முடியாதா?

முடியும், என்னிடம் கேட்டால் அதுதான் வழி. பாரிஸில் 3 ராத்திரி, கார் கிடையாது. தெ-ஜெ-வேயில் ஸ்ட்ராஸ்பூர், இரண்டு மணி நேரத்துக்குள். அங்கே 3 நாளுக்குச் சின்னக் கார் எடுத்து ரிக்வீர், எகிஷெய்ம் என்று அல்ஸாஸ் கிராமங்கள். அங்கெல்லாம் ரயில் போகாது. காரை ஸ்ட்ராஸ்பூரிலேயே விட்டுவிட்டு ரயிலில் பாஸல் வழியாக இன்டர்லாகன், 3 ராத்திரி. அங்கிருந்து ஸ்பீட்ஸில் மாறி ரயிலிலேயே மிலான், பிறகு வெனிஸ். பன்னிரண்டு நாளில் மூன்று நாள்தான் ஸ்டியரிங். பார்க்கிங் தேடும் சண்டையும் அந்த மூன்று நாளோடு சரி.

ஊருக்கு வந்தப்புறம் ஃபைன் லெட்டர் வந்திருக்கு. கட்டாம விட்டா என்ன ஆகும்?

முதலில் வந்தது அபராதமா என்று பாருங்கள். வாடகைக் கம்பெனி உங்கள் விலாசத்தைப் போலீசுக்குக் கொடுத்ததற்காக 30, 40 யூரோ எடுத்திருக்கும். அது வெறும் கையாளும் கட்டணம். உண்மையான அபராதம் மாதக்கணக்கில் கழித்து, அந்த ஊரிலிருந்து, தனியாக வரும். இத்தாலியில் கடிதம் கைக்கு வந்து 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. மறுபடி ஷெங்கன் விசா கேட்டுப் போகப் போகிறவர் கட்டிவிடுவதுதான் நிம்மதி. மேலே சொன்ன என் இரண்டு அபராதத்தையும் நான் 5 நாளுக்குள் கட்டினேன். ரசீதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள் மனைவி. அடுத்த முறை இத்தாலிக்குக் காரில் போகலாம் என்று நான் ஆரம்பித்தால் வாயைத் திறக்காமல் அதைக் காட்டுகிறாள்.